மகளின் கொடியைத் திரும்ப வெட்டியவர்

கங்கையின் வேகத்தைச் சடையில் தாங்கிய பெருமானே, என் சினத்தின் வேகத்தை நெஞ்சில் தாங்கும் வலிமை எனக்கில்லை. அது எவரையும் எரிக்காமலும் எதையும் ஒளிக்காமலும் எழுத்தாக, உன் திருவடி துணை.

இன்று வைகாசி விசாகம். காலையில் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு, கியூபெக்கில், சென்ட் லோரன்டில் உள்ள என் வீட்டுக்குத் திரும்பி, வேட்டி கூட மாற்றாமல் இந்த மேசையில் அமர்ந்திருக்கிறேன். இத்தகைய நாளில் இறந்துபோன ஒருவரைப் பற்றிக் கோபத்துடன் எழுதலாமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நல்ல நாளில் உண்மை சொல்லக்கூடாது என்று நான் ஓதிய எந்தப் பதிகத்திலும் இல்லை.

எழுதப்போவது என் அத்தானைப் பற்றி, அக்காவின் கணவர். பெயர் வேண்டாம். அவர் போனபின் வந்த இரண்டாவது வசந்தம் இது. முப்பத்தோராம் நாளில் வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்த நினைவு மலரில் அவரைப் பாடிப் பதினாறு வெண்பா எழுதியவன் நான்தான். உழைப்பாளி என்றேன், ஒழுங்கின் வடிவம் என்றேன், பனி நிலத்தில் கொடி படரவிட்ட பெருந்தகை என்றேன். அவற்றில் ஒன்றும் பொய்யில்லை. ஆனால் தளை தட்டாமல் எழுதுவதற்குக் காட்டிய கவனத்தில் பாதியைக்கூட நான் உண்மைக்குக் காட்டவில்லை.

அவருடைய ஒழுங்கு எத்தகையது என்பதைச் சொல்கிறேன். பிறர் செய்த எந்த வேலையையும் அவர் திரும்பச் செய்வார். அக்கா கழுவிக் கவிழ்த்த கோப்பைகளை எடுத்து மறுபடி கழுவுவார். தெருமுனை டெப்பனர் கடைக்குப் பால் வாங்கப் போனால், குளிர்பெட்டியில் இருக்கும் போத்தல்களின் முகங்களையெல்லாம் ஒரே பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டுத்தான் வருவார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே ‘மெர்சி, மிஸ்யூ’ என்று பிரெஞ்சில் நன்றி சொல்வார். கோயிலில் ஐயர் சாத்திய மாலையை எட்டி நின்று நேராக்குவார். சென்ட் லோரன்டில் விமான உதிரிப்பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவருக்கு வேலை. மற்றவர்கள் செய்து முடித்த பாகங்களைத் திரும்ப அளந்து பார்ப்பது. உலகத்தில் அவருக்கென்றே ஒருவன் ஒரு வேலையை உண்டாக்கி வைத்திருந்தான். இருபத்தாறு ஆண்டுகள் அங்கே அவர் மகிழ்ச்சியாக இருந்தார்.

அக்கா இதை வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டாள், அல்லது அப்படி எடுத்துக்கொள்ளப் பழகிக்கொண்டாள். வீட்டுக்கு வருபவர்களிடமெல்லாம் சொல்வாள்: “எனக்குத் தாலி கட்டேக்கையே முதலாம் முடிச்சு வடிவா விழேல்லை எண்டு அவிட்டுத் திரும்பக் கட்டின மனிசன் இவர். ஐயருக்கு வேர்த்துப்போச்சு. மாப்பிளை ஓடப்போறாராக்கும் எண்டு நினைச்சிட்டார்.”

எல்லோரும் சிரிப்போம். அவர் சிரிக்கமாட்டார். “இண்டைக்கும் அவிழேல்லைத்தானே?” என்பார்.

இதே குணத்தில் ஈரமும் இருந்தது என்பதை மறைக்க எனக்கு உரிமையில்லை. என் மனைவி காலமானபோது, முப்பத்தொரு நாளும் விடியற்காலை என் வீட்டுக்கு வந்தார். ஆறுதல் என்று ஒரு சொல் சொல்லவில்லை. நான் ஏற்றிவைத்த விளக்கின் திரியைச் சற்று இழுத்து, கருகிய நுனியைக் கிள்ளி, எண்ணெய் விட்டு, திரும்ப ஏற்றிவிட்டுப் போவார். அந்த நாட்களில் என் வீட்டில் அணையாமல் எரிந்தது அது ஒன்றுதான். இதை நினைக்கும்போது கோபம் தணியும் என்று பார்த்தேன். தணியவில்லை; கூடுகிறது. இத்தனை கவனம் உடைய ஒரு கை, என்ன செய்கிறோம் என்று அறியாமல் செய்தது என்று நான் எப்படி நம்புவது?

ஏடுகள் திராட்சை என்று சொல்வதை யாழ்ப்பாணத்தில் நாங்கள் முந்திரிகை என்போம். அத்தானின் தகப்பனார் அங்கே முந்திரிகைத் தோட்டம் வைத்திருந்தவர். ஒருமுறை, ஒரே ஒருமுறை, அந்தத் தகப்பனைப் பற்றி அத்தான் என்னிடம் பேசினார். கொடி வெட்டும் கத்தரிக்கோலைத் தகப்பன் யாரிடமும் கொடுக்கமாட்டாராம். மகன் கேட்டுக் கேட்டு ஒரு நிரையை வெட்டினால், அவன் சாப்பிடப் போன நேரம் பார்த்து அதே நிரையைத் திரும்ப வெட்டுவாராம். அதைச் சொன்னபோது அத்தானுக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. அப்போதும் தாடை இறுகியது.

“முப்பது வயது வரைக்கும் எனக்கெண்டு சொந்தமா ஒரு வெட்டு இருக்கேல்லை, தம்பி,” என்றார்.

அந்த வலி எப்படிப்பட்டது என்று அறிந்திருந்தவர் அவர். என் சினத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

தொழிற்சாலையை விட்டபின், ஆற்றுப் பாலத்தைக் கடந்து தெற்கே ஒரு மணிநேரம் கார் ஓடினால் வரும் சரிவான நிலம் ஒன்றை வாங்கினார். மேட்டுப் பகுதியில் கடுங்குளிரைத் தாங்கும் கறுப்பு முந்திரிகை. தாழ்ந்த கிழக்குப் பக்கத்தில் மென்மையான வெள்ளை இனம். அதற்குக் கார்த்திகையில் கொடியைச் சாய்த்து மண்ணால் மூடவேண்டும், சித்திரையில் மண்ணை விலக்கி எழுப்பவேண்டும். களஞ்சியத்தின் கீழே நிலவறை. அங்கே தொட்டிகளும் பீப்பாய்களும். மண் விலக்கும் நாளில் நான் போய் ஒரு பதிகம் பாடுவது வழக்கமாயிற்று. நான் வைன் தொடுவதில்லை. அதற்காக ஆண்டுதோறும் அவரிடம் ஒரே கேலியை வாங்கிக் கட்டிக்கொள்வேன்: “உன்ர சிவன் நஞ்சையே குடிச்சவர். நீ முந்திரிகைச் சாறுக்குப் பயப்பிடுறாய்.”

தாரணி அவர்களுடைய ஒரே மகள். டவுன்டவுனில் ஓர் அலுவலகத்தில் நல்ல பதவியில் இருந்தவள். முப்பத்திரண்டு வயதில் அதை விட்டு, வைன் செய்யும் தொழிலை முறையாகப் படித்து, மூன்று ஆண்டுகள் பிறருடைய தோட்டங்களில் சேறு மிதித்து, பிறகு தகப்பனிடம் வந்து நின்றாள். தனக்கு வேறு எதுவும் வேண்டாம், இதுதான் வேண்டும் என்றாள். அத்தான் உள்ளூரப் பூரித்தார். ஆனாலும் ஒரு நிபந்தனை வைத்தார். கிழக்குப் பக்கத்துப் பன்னிரண்டு நிரைகளும் அவளுடையவை. மூன்று அறுவடை. மூன்றிலும் அவை ஒழுங்காகக் காய்த்தால் நிலவறைப் பூட்டின் திறப்பும் முழுத் தோட்டமும் அவள் கைக்கு வரும். இல்லையென்றால் அவர் சொல்கிறபடி அவள் வேலை செய்யவேண்டும். அவள் சம்மதித்தாள்.

முதல் இரண்டு அறுவடையும் நன்றாகவே வந்தன. ஆயினும் அவள் செய்ததில் அவர் கை படாத ஒன்று இல்லை. முந்நூறு போத்தல்களுக்கு அவள் ஒட்டிய தாள்களை உரித்து, மயிரிழை கீழே இறக்கித் திரும்ப ஒட்டினார். அவள் கட்டிய கொடிகளை அவிழ்த்துக் கட்டினார். அவள் பொறுத்தாள். வேட்டைக்குப் போகும் பூனை பல்லைக் காட்டாமல் இருப்பதைப் போல, வாய் திறவாமல் மூன்றாவது அறுவடையை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.

அந்த மூன்றாவது வசந்தத்தின் தொடக்கத்தில் ஒருநாள், புவாண்ட்-கிளேரில் உள்ள அங்காடியில் எனக்குச் சப்பாத்து வாங்கித் தர அழைத்துப் போனாள். கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது தன் நிரைகளைப் பற்றிச் சொன்னாள். கிழக்குப் பக்கம் பள்ளம், வைகாசியிலும் அங்கே உறைபனி இறங்கும், இளந்துளிர் கருகும். ஆகவே இம்முறை கொடிகளை மண்ணிலிருந்து எழுப்பியபின் வெட்டாமல் நீளமாகவே விட்டிருக்கிறாள்.

“நுனியில இருக்கிற துளிர்க்கண்தான் முதல் முழிக்கும், மாமா. அது முழிச்சிருக்கும் வரைக்கும் அடியில இருக்கிற கண் நித்திரை கொள்ளும். பனி வந்தாலும் நுனிதான் கருகும். பயம் போனாப் பிறகு நுனியை வெட்டிவிட்டா, அடிக்கண் அப்பதான் எழும்பும். பாக்கிறதுக்கு வடிவாயிராது, பத்தைக்காடு மாதிரிக் கிடக்கும். அப்பாவுக்கும் சொன்னனான். கேட்டமாதிரித்தான் இருந்தவர்.”

எனக்கு விளங்கியது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: எனக்கு நன்றாக விளங்கியது.

இரண்டு கிழமை கழித்து, வைன் செய்பவர்களின் கூட்டம் ஒன்றுக்காக அவள் மூன்று நாள் கியூபெக் நகருக்குப் போனாள். அவள் புறப்பட்ட அன்றே அத்தான் எனக்குத் தொலைபேசி எடுத்தார். கொஞ்சம் துப்பரவு வேலை கிடக்கிறது, வா என்றார். போனேன். அவர் கையில் கத்தரிக்கோலுடன் கிழக்குப் பக்கத்து முதல் நிரையில் நின்றுகொண்டிருந்தார்.

இரண்டு பகல் வெட்டினார். ஒவ்வொரு கொடியிலும் அடியில் இரண்டு கண் மட்டும் விட்டு, மிச்சத்தை நறுக்கினார். அழகாக வெட்டினார், பழிப்பதற்கு ஒரு வெட்டு இல்லை. வெட்டி விழுந்த தடிகளை நான் பொறுக்கினேன். கயிறு போதாமற்போகவே, காரில் கிடந்த பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து, தடிகளைக் கட்டுக் கட்டாகக் கட்டி வேலியோரம் அடுக்கினேன். ஒரே ஒருமுறை வாய் திறந்தேன்.

“அத்தான், பிள்ளை ஏதோ காரணத்தோடதான் விட்டிருக்கிறாள் போல.”

“சோம்பலுக்கும் ஆக்கள் காரணம் சொல்லுவினம், தம்பி. நீ பாட்டைப் பாடு.”

பாடினேன். அறுபத்தெட்டு வயதில், விளக்கம் முழுவதும் மண்டைக்குள் இருக்க, அக்காவின் கணவர் முகம் கோணக்கூடாது என்பதற்காக, அந்தப் பிள்ளையின் மூன்று ஆண்டு உழைப்பு நிலத்தில் விழ விழ, நான் இறைவன் புகழைப் பாடிக்கொண்டு பொறுக்கினேன்.

தாரணி திரும்பி வந்தபோது நான் அங்கே இல்லை. அக்கா சொல்லித்தான் அறிந்தேன். நிரைகளைப் பார்த்துவிட்டு வந்து, யார் வெட்டியது என்று மட்டும் கேட்டாளாம். குப்பையாகக் கிடந்தது, துப்பரவாக்கிவிட்டேன் என்றாராம் அவர். அவள் பன்னிரண்டு நிரையும் நடந்து, வேலியோரம் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்து, சாப்பிடாமல் படுத்தாளாம்.

வைகாசியில் உறைபனி வந்தது. அடிக்கண்களெல்லாம் அதற்குள் விழித்துத் துளிர்த்திருந்தன. காலையில் அவை அவித்த கீரையைப் போலத் தொங்கின. மேட்டில் நின்ற அவருடைய கறுப்பு முந்திரிகைக்கு ஒன்றும் ஆகவில்லை.

புரட்டாசியில் அறுவடை விருந்து. மதியம், முற்றத்தில் நீள மேசை, நாங்கள் பதினொரு பேர். உறவினரும் கோயிலால் பழகியவர்களும். அக்கா இடியப்பமும் சொதியும் வைத்தாள். எல்லோரும் அமர்ந்தபின் அத்தான் பேசினார். குரலில் கடுமை இல்லை, வருத்தம்தான் இருந்தது. அதுதான் என்னை இன்றும் கொதிக்க வைக்கிறது.

“மூண்டு அறுவடை எண்டு சொன்னனான். மூண்டாவதில ஒரு கூடையும் நிரம்பேல்லை. பிள்ளைக்கு இன்னும் கை பழகேல்லை. படிச்சது வேற, செய்யிறது வேற.”

மேசையில் சிலர் தலையாட்டினார்கள். ஒருவர், தகப்பன் கண்டிப்பாக இருப்பதும் பிள்ளையின் நன்மைக்குத்தான் என்றார். எங்கள் ஆட்களிடம் இந்தச் சொல் எப்போதும் தயாராக இருக்கிறது. பெரியவர் செய்தால் கண்டிப்பு. சிறியவர் கேட்டால் வாய்.

அத்தான் என் பக்கம் திரும்பினார். “தம்பியும் வசந்தத்தில இங்க நிண்டவன்தானே. நீ சொல்லு, ஆருடைய பிழை?”

பதினொரு பேருடைய மேசையில் அந்தக் கேள்விக்கு விடையை நேரில் கண்டவர்கள் இருவர். அவர் கேட்டுவிட்டார். நான் சொல்லியிருக்கவேண்டும். சொன்னது இதுதான்: “எல்லாம் இறைவன் சித்தம், அத்தான்.”

தாரணி சொதி அகப்பையைச் சட்டிக்குள் வைத்தாள்.

“மாமா, சிவனை இதுக்குள்ள இழுக்காதேங்கோ,” என்றாள். “அவர் அண்டைக்கு அங்க நிக்கேல்லை. நீங்கள்தான் நிண்டனீங்கள். கட்டுகளை உங்கட வேட்டித் துணியாலதான் கட்டியிருந்தது.”

அத்தான் இடியப்பத்தைப் பிய்த்தார். வேட்டித் துணி எதற்கு, எந்தக் கட்டு என்று கேட்க அந்த மேசையில் ஒருவருக்கும் துணிவில்லை, அல்லது பசி அதிகம். மறுகிழமை அவள் போய்விட்டாள். ஆற்றுக்கு வடக்கே வேறொருவரின் தோட்டத்தில் வைன் செய்கிறாள். தாயுடன் கிழமைக்கொருமுறை பேசுவாள். என்னுடன் பேசுவதில்லை.

இங்கே முடிந்திருந்தால், அறியாமை என்று அவரை மன்னித்திருப்பேன். முடியவில்லை.

அடுத்த வசந்தத்தில் மண் விலக்கிப் பத்து நாள் கழித்துப் போனேன். மேட்டு நிரைகளெல்லாம் வெட்டி ஒழுங்காக நின்றன. கிழக்குப் பக்கத்துப் பன்னிரண்டு நிரைகளும் பத்தையாகக் கிடந்தன. நீள நீளமாக, ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, அவள் விட்டிருந்தது போலவே. வாழ்நாள் முழுவதும் பிறர் வேலையைத் திரும்பச் செய்தவர், தன் வேலையை அப்போதுதான் முதன்முறையாகத் திரும்பச் செய்திருந்தார். அவ்வாண்டும் உறைபனி வந்தது. நுனிகள் கருகின. பிறகு அவர் அவற்றை வெட்டினார். அடிக்கண் எழும்பிற்று, கொத்துக் கொத்தாகக் காய்த்தது. அந்த வெள்ளை வைனை விருந்தில் எல்லோரும் புகழ்ந்தார்கள். அனுபவம் என்றால் இதுவல்லவா என்றார், கண்டிப்பு நன்மைக்கே என்று அன்று சொன்ன அதே தலையாட்டி. அத்தான் கைகூப்பிப் புகழை வாங்கிக்கொண்டார்.

அன்று அவரைத் தனியே களஞ்சியப் பக்கம் அழைத்துப் போனேன். கொடி தாரணியின் பக்கம் சாட்சி சொல்லிவிட்டதே, அவளிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன். கத்தரிக்கோலை எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“சொல்லுவம் தம்பி. பேந்து.”

பிறகு என்ற அந்தப் ‘பேந்து’ நான்கு வசந்தம் நீண்டது. நான்கு முறையும் அவள் வழியிலேயே வெட்டினார். நான்கு முறையும் புகழ் அவருக்கே வந்தது. பிறகு ஒரு தை மாதம், பனி மூடிய நாளில் அவர் போய்விட்டார். தகப்பன் தன்னிடமிருந்து எடுத்ததை மகளிடமிருந்து எடுத்தார் என்பதைக்கூட விதி என்று விட்டுவிடலாம். எடுத்தது தவறு என்று அறிந்து, அறிந்ததைக் கொடியிடம் மட்டும் ஒப்புக்கொண்டு, மகளிடம் வாய் மூடிப் போனாரே, அதை எந்த விபூதியாலும் மூட நான் ஆயத்தமில்லை.

தோட்டம் இப்போது அக்காவின் பெயரில் இருக்கிறது. மண் விலக்குவதற்குப் பக்கத்துத் தோட்டக்காரர் உதவினார். வெட்ட ஆள் இல்லை. பத்து நாளுக்கு முன் அக்கா தாரணியைக் கூப்பிட்டு, நிலவறைத் திறப்பை எடுத்துக்கொள், எல்லாம் உனக்குத்தான் என்று சொன்னாள். நான் பக்கத்தில் இருந்தேன். அக்காவுக்குக் காது மந்தம், ஆகையால் தொலைபேசி சத்தமாகவே பேசும்.

“திறப்பு வேண்டாம், அம்மா,” என்றது அந்தக் குரல். “அண்டைக்கு அந்த மேசையில எனக்குக் கை பழகேல்லை எண்டு சொல்லிப்போட்டுத்தான் எல்லாரும் சாப்பிட்டவை. பிழை என்னில இல்லை எண்டு அதே ஆக்களுக்கு முன்னால ஒருத்தர் சொல்லட்டும். அப்பா இல்லை. மற்றவர் இருக்கிறார்தானே. அதுக்குப் பிறகு வாறனோ இல்லையோ எண்டு நான் யோசிக்கிறன்.”

மற்றவர் என்றாள். மாமா என்று சொல்லவில்லை.

அந்தப் பதினொரு பேரில் இப்போது இருப்பவர் பத்துப் பேர். வருகிற ஞாயிற்றுக்கிழமை மதியம், அதே முற்றத்துக்கு எல்லோரையும் அழைத்திருக்கிறேன். ரொறன்ரோவுக்குக் குடிபோனவர்கள் இருவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எதற்கு என்று கேட்டார்கள், விருந்து என்றேன். தாரணிக்கும் செய்தி அனுப்பினேன். பதில் இல்லை. அவள் வந்தாலும் வராவிட்டாலும் எழுந்து நின்று இதை வாசிப்பேன். அதுவரை கூடப் பொறுக்க மனமில்லாமல் இங்கே எழுதுகிறேன்.

தாரணி பிழை செய்யவில்லை. அவள் விட்ட நீளம் சரி. அவள் சொன்ன காரணம் சரி. அது எனக்கு முன்னரே தெரியும். பன்னிரண்டு நிரைகளையும் அவள் இல்லாத இரண்டு பகலில் வெட்டியவர் அவளுடைய தகப்பன். தடிகளைப் பொறுக்கிக் கட்டியவன் நான். அதன்பின் நான்கு ஆண்டுகள் எல்லோரும் புகழ்ந்து குடித்த அந்த வெள்ளை வைன் அவளுடைய அறிவால் விளைந்தது. மேசையில் இறைவன் பெயரைச் சொன்னது என் கோழைத்தனம். அவனுக்கு அதில் பங்கில்லை.

இதை வாசிக்கும் யாவருக்கும், அவரவர் கை செய்த வேலை அவரவர் பெயரிலேயே நிலைக்கட்டும். உங்கள் பிள்ளைகள் வெட்டியதை வெட்டியபடியே விட்டு, காய்க்கும் வரை காத்திருக்கும் பொறுமை உங்களுக்கு வாய்க்கட்டும். கண்டதைக் கண்ட அன்றே சொல்லும் நாவை, எனக்குத் தாமதமாகத் தந்த பெருமான், உங்களுக்குக் காலத்தில் தந்தருள்வானாக.